புதிதாக ஏவிய செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்து, பாதையைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராக்கெட்டிலிருந்து பிரிந்த முதல் சில நாட்களில், ஒரு சின்ன செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது அதைக் கட்டியவர்களுக்கே பல சமயம் சரியாகத் தெரியாது. 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. 2021 ஜனவரி 24 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிரான்ஸ்போர்ட்டர்-1 பயணம் கொண்டுபோனது 143. தரையிலுள்ள ரேடார்களுக்கு இவை கூட்டமாகப் போகும் புள்ளிகள் மட்டுமே. 'ஆப்ஜெக்ட் ஏ', 'ஆப்ஜெக்ட் பி' என்று பெயரிட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். எந்தப் புள்ளி யாருடையது என்று தெளிவாக நாட்களாகலாம், வாரங்களும் ஆகலாம்.

அமெச்சூர் கண்காணிப்பாளரின் வேலை இந்த இடைவெளியில்தான் மதிப்புப் பெறுகிறது. ரேடாருக்குப் பொருள் தெரியும், பெயர் தெரியாது. ரேடியோவில் கேட்பவருக்கோ, சிக்னலிலேயே பெயர் வந்துவிடுகிறது. அந்தச் சிக்னலை நேரத்தோடு பதிவு செய்தால் பாதையையும் அதிலிருந்தே கணக்கிடலாம்.

இதில் இறங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏவிய புதிதில் பாதையின் உயரமும் சாய்வும் (பூமத்திய ரேகைத் தளத்தோடு பாதை வைக்கும் கோணம்) ஏறக்குறைய தெரிந்தவைதான், ஏனென்றால் ராக்கெட் எங்கே போகப் போகிறது என்று முன்பே அறிவித்துவிடுகிறார்கள். தெரியாமல் இருப்பது நேரம்: அந்தப் பாதையில் செயற்கைக்கோள் (இனி சுருக்கமாகக் 'கோள்') இந்த நொடி எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அதனால் முதலில் நேரத்தைச் சரி செய்யுங்கள், மற்றவை பிறகு. கையில் உள்ள கொஞ்சம் தரவை வைத்துக்கொண்டு எல்லா எண்ணையும் ஒரேயடியாகத் திருத்தப் போவதால்தான் பெரும்பாலான முதல் கணிப்புகள் கெட்டுப்போகின்றன.

என்னென்ன வேண்டும்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் வகை யுஎஸ்பி ரிசீவர் ஒன்று, லேப்டாப் ஒன்று, ஆண்டெனா ஒன்று. தொடங்க இது போதும். ரிசீவரில் வெப்பநிலை ஈடுசெய்யும் ஆஸிலேட்டர் (அதிர்வெண்ணை உண்டாக்கும் பாகம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சின்ன கோள்கள் பல பயன்படுத்தும் 437 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றாலே 437 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். மலிவான ரிசீவர்களில் பிழை இதைவிடப் பல மடங்கு இருக்கும். சூடு ஏற ஏற அதுவும் நகரும்.

ஆண்டெனா விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. முதல் நாட்களுக்கு யாகி வேண்டாம். கோள் எந்த நேரத்தில், எந்தத் திசையில் வரும் என்றே தெரியாதபோது, குறுகிய கோணத்தை மட்டும் பார்க்கும் ஆண்டெனாவைச் சுற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வானம் முழுவதையும் ஓரளவு பார்க்கும் டர்ன்ஸ்டைல், அல்லது 120 டிகிரியில் விரித்த வி-டைபோல் போதும். 437 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோலின் ஒவ்வொரு கையும் சுமார் 16 சென்டிமீட்டர்தான். சிக்னல் பெருக்கியை ரிசீவர் பக்கம் வைக்காமல் ஆண்டெனாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கேபிளில் இழந்ததை அப்புறம் பெருக்கி மீட்க முடியாது.

கடிகாரத்தை யாரும் சாமான் பட்டியலில் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான சாமான். கோள் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் போகிறது. உங்கள் கடிகாரம் ஒரு நொடி பிந்தினால், கணிக்கும் இடமும் அத்தனை கிலோமீட்டர் தள்ளிப்போகும். லேப்டாப்பை என்டிபி வழியாக இணைய நேரத்தோடு ஒத்திசையுங்கள். பதிவு தொடங்குவதற்கு முன் ஒத்திசைவு நடந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். எல்லாப் பதிவும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் மூன்றையும் ஒருமுறை துல்லியமாக எழுதி வைத்துவிடுங்கள்.

மென்பொருள்: பாஸ் (கோள் அடிவானத்தில் எழுந்து மறையும் ஒரு கடப்பு) எப்போது என்று பார்க்க ஜிபிரெடிக்ட், பதிவுக்கு எஸ்டிஆர்++ அல்லது ஜிகியூஆர்எக்ஸ், பாதைக் கணிப்புக்கு டச்சு வானியலாளர் சீஸ் பாசா எழுதிய எஸ்டிஆர்எஃப் தொகுப்பு. எல்லாம் இலவசம். சிக்னல் கேட்பது பற்றிய விதி நாட்டுக்கு நாடு வேறு, உங்கள் நாட்டில் என்ன விதி என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

டிஎல்இ-யை வாசிக்கப் பழகுங்கள்

சுற்றுப்பாதையை எழுதும் பொது வடிவம் டிஎல்இ. இரண்டு வரி, வரிக்கு 69 இடம். முதல் வரியில் 19 முதல் 32 வரையுள்ள இடங்களில் எபோக், அதாவது இந்த எண்கள் எந்தக் கணத்துக்கு உரியவை என்ற நேரம். 24123.50000000 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 123-ஆவது நாள், யுடிசி நண்பகல். அதாவது மே 2.

இரண்டாம் வரியில்தான் பாதையின் வடிவம் இருக்கிறது. சாய்வுக் கோணம் 9-இலிருந்து 16 வரை, ஏறுகணுவின் (தெற்கிலிருந்து வடக்காகப் பூமத்திய ரேகைத் தளத்தைப் பாதை கடக்கும் புள்ளி) கோணம் 18-இலிருந்து 25 வரை, மையத்தொலைத்தகவு, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது, 27-இலிருந்து 33 வரை (தசமப்புள்ளி எழுதுவதில்லை, முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும்), புவி அண்மைப் புள்ளியின் கோணம் 35-இலிருந்து 42 வரை, சராசரிப் பிறழ்கோணம் (அண்மைப் புள்ளியிலிருந்து கோள் சுற்றில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது) 44-இலிருந்து 51 வரை, ஒரு நாளில் எத்தனை சுற்று என்பது 53-இலிருந்து 63 வரை. கடைசி இடம் சரிபார்ப்பு எண்: வரியிலுள்ள இலக்கங்களையெல்லாம் கூட்டி, கழித்தல் குறி ஒவ்வொன்றுக்கும் 1 சேர்த்து, வரும் தொகையின் கடைசி இலக்கம். கையால் திருத்தினால் இதையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சில மென்பொருள்கள் வரியை வாங்கவே வாங்காது.

இந்த எண்கள் எஸ்ஜிபி4 என்ற கணக்கு முறைக்காகச் சராசரி எடுக்கப்பட்டவை. ஏவிய நிறுவனம் கொடுக்கும் பிரிவு நேர இடமும் வேகமும் ஒரு கணத்துக்கு மட்டும் உரியவை. இவற்றைப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பாதையாக்கி அப்படியே டிஎல்இ-யில் எழுதக் கூடாது. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், அந்தக் கணத்தின் அரைநெட்டச்சும் (நீள்வட்டப் பாதையின் நீண்ட விட்டத்தில் பாதி) சராசரி அரைநெட்டச்சும் 10 கிலோமீட்டர் அளவுக்கு வேறுபடலாம். அரைநெட்டச்சில் 1 கிலோமீட்டர் பிழை இருந்தால் ஒரு நாளில் 19 நொடி தள்ளும். 10 கிலோமீட்டர் என்றால் 3 நிமிடம். எஸ்ஜிபி4-க்கு ஏற்ப மாற்றித்தரும் கருவியையே பயன்படுத்துங்கள்.

ஏவுவதற்கு முன்: முதல் ஊகப் பாதை

கோளைக் கட்டிய குழு பல சமயம் ஏவுதலுக்கு முன்பே ஒரு டிஎல்இ-யை வெளியிடும். பட்டியல் எண் இன்னும் கிடைக்காததால் 99 என்று தொடங்கும் தற்காலிக எண் அதில் இருக்கக்கூடும். அதுவும் கிடைக்கவில்லையா? அதே ஏவுதளத்திலிருந்து அதே வகைப் பாதைக்குப் போன முந்தைய பயணத்தின் டிஎல்இ-யை எடுத்து, எபோக்கையும் ஏறுகணுவையும் மாற்றி ஒரு ஊகப் பாதையை உண்டாக்கலாம். உயரம் 500 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 15.22 சுற்று, ஒரு சுற்றுக்கு சுமார் 95 நிமிடம். அந்த உயரத்தில் சூரிய ஒத்திசைவுப் பாதை (ஒவ்வொரு இடத்தையும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் சூரிய நேரத்தில் கடக்கும் பாதை) என்றால் சாய்வு 97.4 டிகிரி.

ஏவுதல் தள்ளிப்போனால் பதற வேண்டாம். பூமி சுழல்வதால், ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் எபோக்கில் ஒரு நிமிடம் கூட்டுங்கள், ஏறுகணுவில் 0.25 டிகிரி கூட்டுங்கள். மற்ற எண்களைத் தொட வேண்டாம். சரியாக ஒரு நாள் தள்ளினால் ஏறுகணு 0.99 டிகிரி கூடும்.

கியூப்சாட் எனும் கனசதுர வடிவச் சின்னக் கோள்களுக்கான விதிமுறைப்படி, பிரிந்த பிறகு 45 நிமிடம் வரை கோள் எந்தச் சிக்னலும் அனுப்பக் கூடாது. அதனால் பிரிந்த கையோடு உங்கள் தலைக்கு மேலே வந்தாலும் மௌனமாகவே போகலாம். அதை வைத்து 'கோள் இறந்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள்.

பதிவு

ஊக நேரத்துக்கு 10 நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கி, 10 நிமிடம் பின்னால் நிறுத்துங்கள். அறிவித்த அதிர்வெண்ணைச் சுற்றி 100 கிலோஹெர்ட்ஸாவது பிடிபடட்டும். டாப்ளர் (கோளின் வேகத்தால் அதிர்வெண் நகர்வது) திருத்தம் எதுவும் செய்யாத மூல சிக்னலாகப் பதிவு செய்வதே நல்லது. நொடிக்கு 2,50,000 மாதிரிகள் வீதம் 8 பிட்டில் எடுத்தால் நிமிடத்துக்கு 30 மெகாபைட் ஆகும். இடம் பற்றாவிட்டால், எஸ்டிஆர்எஃப்-இல் நிறமாலையை மட்டும் நொடிக்கொரு முறை சேமிக்கும் வசதி இருக்கிறது.

வாட்டர்ஃபால் படத்தில் (நேரத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படம்) நேர்கோடாக நிற்பதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர் இரைச்சல். கோள் என்றால் தடம் வளையும்: மேல் அதிர்வெண்ணில் தொடங்கி, மெல்ல இறங்கி, நடுவில் சட்டென்று சரிந்து, கீழே போய் மீண்டும் தட்டையாகும். தாழ்ந்த பாதையில் 437 மெகாஹெர்ட்ஸில் இந்த வளைவு இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3.4 கிலோஹெர்ட்ஸ், 2250 மெகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்.

ஒரு வளைவை வெறுங்கையால் வாசிப்பது

மென்பொருளிடம் கொடுப்பதற்கு முன் ஒரு பாஸையாவது கையால் கணக்கிட்டுப் பாருங்கள். வளைவின் எந்தப் பகுதி எதைச் சொல்கிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

இப்படி ஒரு பாஸ் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சிக்னல் 437.1097 மெகாஹெர்ட்ஸ், முடிவில் 437.0903. இரண்டுக்கும் நடு 437.1000. கோள் உண்மையில் அனுப்பும் அதிர்வெண் ஏறக்குறைய அதுதான். வளைவு அந்த நடு அதிர்வெண்ணைக் கடந்தது 14:32:10 யுடிசி. கோள் உங்களுக்கு மிக அருகில் இருந்த நேரம் அது. அந்த இடத்தில் சரிவு நொடிக்கு 80 ஹெர்ட்ஸ்.

இந்தச் சரிவில் தூரம் ஒளிந்திருக்கிறது. அதிர்வெண்ணைக் கோளின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஒளியின் வேகத்தாலும் சரிவாலும் வகுத்தால் தோராயமான தூரம் வரும். வேகம் நொடிக்கு 7.61 கிலோமீட்டர் என்று போட்டால் 1055 கிலோமீட்டர். கோள் நேர்கோட்டில் போகாமல் பூமியைச் சுற்றி வளைந்து போவதால், 500 கிலோமீட்டர் உயரத்துக்கு இதை 0.93-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 980 கிலோமீட்டர். 500 கிலோமீட்டர் உயரத்தில் போகும் கோள் அவ்வளவு தூரத்தில் இருந்தது என்றால், அது அடிவானத்திலிருந்து 27 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. நேர் தலைக்கு மேலே போயிருந்தால் சரிவு நொடிக்கு 155 ஹெர்ட்ஸை நெருங்கியிருக்கும்.

ஆக, ஒரே பாஸில் மூன்று தகவல்: உண்மை அதிர்வெண், நெருங்கிய நேரம், நெருங்கிய தூரம். கிடைக்காதது எந்தப் பக்கம் போனது என்பது. கிழக்கே 27 டிகிரியில் போனாலும் மேற்கே 27 டிகிரியில் போனாலும் வளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். பூமியின் சுழற்சியால் சின்ன வித்தியாசம் வரும், ஆனால் ஒரு பாஸில் அதை நம்ப முடியாது. அடுத்த பாஸோ வேறு இடத்திலுள்ள இன்னொரு நிலையமோ அதைத் தீர்த்துவிடும்.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் 1 பறந்தபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் செய்தது இதைத்தான். 20 மெகாஹெர்ட்ஸ் பீப் ஒலியின் டாப்ளரை மட்டும் வைத்து முழுப் பாதையையும் கணக்கிட்டார்கள். கோளின் பாதை தெரிந்தால் கேட்பவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று பின்னர் அதைத் திருப்பிப்போட்டு யோசித்ததில் பிறந்ததுதான் டிரான்சிட் வழிகாட்டல் அமைப்பு.

எச்சத்தின் வடிவம் எந்த எண் தவறு என்று சொல்லும்

அளந்த அதிர்வெண்ணிலிருந்து, ஊகப் பாதை சொன்ன அதிர்வெண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது எச்சம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சம் தட்டையாக, பூஜ்யத்திலிருந்து தள்ளி நிற்கிறதா? பாதையில் குறையில்லை, அதிர்வெண்தான் வேறு. கோளின் ஆஸிலேட்டர் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது நகரும். அதனால் ஒவ்வொரு பாஸுக்கும் அதிர்வெண்ணைத் தனியாகவே பொருத்துங்கள்.

நடுவில் மட்டும் மேடாகவோ பள்ளமாகவோ வீங்கி, இரு முனையிலும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? அது நேரப் பிழை. பள்ளம் என்றால் கோள் முந்திவிட்டது, மேடு என்றால் பிந்தி வருகிறது. அளவையும் படித்துவிடலாம்: மேலே சொன்ன பாஸில் நடுவே 3.2 கிலோஹெர்ட்ஸ் பள்ளம் என்றால், அதை 80-ஆல் வகுத்தால் 40 நொடி. 500 கிலோமீட்டர் பாதையில் ஒரு நொடிக்கு சராசரிப் பிறழ்கோணம் 0.063 டிகிரி நகரும். 40 நொடி முந்திய கோளுக்கு 2.5 டிகிரி கூட்டிவிட்டால் சரி.

நெருங்கிய நேரத்துக்கு முன்னால் ஒரு பக்கமும் பின்னால் எதிர்ப்பக்கமுமாகச் சாய்கிறதா? அது தூரப் பிழை. முன்னால் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால், கோள் நினைத்ததைவிட அருகில் வந்திருக்கிறது. ஏறுகணுவில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும். சில சமயம் உயரத்தில்.

சாட்னாக்ஸ் வலையமைப்பின் பதிவுகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகெங்கும் உள்ள நிலையங்களின் வாட்டர்ஃபால் படங்கள் அங்கே எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஆனால் அவை பதிவின்போதே டாப்ளர் திருத்தம் செய்யப்பட்டவை, அதாவது நீங்கள் அங்கே பார்ப்பதே எச்சம்தான். கணிப்புக்குக் கொடுக்கும் முன், பதிவின்போது பயன்படுத்திய அதே டிஎல்இ-யைக் கொண்டு திருத்தத்தை மீண்டும் சேர்க்க வேண்டும். வேறு டிஎல்இ-யைச் சேர்த்தால் இல்லாத பிழை உள்ளே புகுந்துவிடும்.

பொருத்தும் வரிசை

மீச்சிறு வர்க்க முறையில், எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி அந்தத் தொகை குறையும்படி எண்களை மாற்றுவதுதான் மென்பொருள் செய்யும் வேலை. எந்த எண்களை மாற்ற அனுமதிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் பாஸ்: அதிர்வெண்ணும் சராசரிப் பிறழ்கோணமும் மட்டும். வேறெதையும் திறக்காதீர்கள்.

அதே நாளில் இரண்டு மூன்று பாஸ் சேர்ந்ததும் ஏறுகணுவைத் திறக்கலாம். அதற்குள் கிழக்கா மேற்கா என்பதும் தெளிவாகியிருக்கும்.

ஒரு நாள் கடந்த பிறகு நாளுக்கான சுற்று எண்ணிக்கை. இதற்கு இடைவெளி முக்கியம். அடுத்தடுத்த இரண்டு பாஸை வைத்துப் பொருத்தினால் விடை அலைபாயும். 24 மணி நேரம் தள்ளிய இரண்டு பாஸ் என்றால், அரைநெட்டச்சில் 1 கிலோமீட்டர் பிழைகூட 19 நொடியாகப் பெருகித் தெளிவாகத் தெரியும்.

சாய்வுக் கோணம் கடைசியில். மையத்தொலைத்தகவையும் புவி அண்மைப் புள்ளியையும் பல நாள் தரவு சேரும் வரை அப்படியே விடுங்கள். வட்டத்துக்கு நெருக்கமான பாதையில் அண்மைப் புள்ளியின் கோணத்தைக் கூட்டி, பிறழ்கோணத்தை அதே அளவு குறைத்தால் கோள் ஏறக்குறைய அதே இடத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் கணிப்பு எங்கெங்கோ போய் நிற்கும், எச்சம் மட்டும் பார்க்க அழகாக இருக்கும்.

காற்றிழுவை எண்ணை ஒரே வகைப் பாதையிலுள்ள ஒத்த கோளிலிருந்து கடன் வாங்கி வைத்துவிடுங்கள். மிகத் தாழ்ந்த பாதை மட்டும் விதிவிலக்கு. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்குகளில் பெரும்பாலானவை, காந்தப் புயலால் மேல்வளிமண்டலம் அடர்ந்ததில், பாதைக்கு ஏற முடியாமலே வீழ்ந்தன. சூரியன் கொந்தளிக்கும் நாட்களில் தாழ்ந்த கோள்களின் டிஎல்இ வெகு சீக்கிரம் பழசாகிவிடும்.

எச்சத்தின் சராசரி அளவு 437 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸுக்குள் வந்து, வடிவமே இல்லாமல் சிதறிக் கிடந்தால் நல்ல பொருத்தம். 60 ஹெர்ட்ஸாக இருந்தும் வடிவம் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி. அளவைவிட வடிவத்தை நம்புங்கள்.

கண்ணாலும் கேமராவாலும்

சிக்னல் அனுப்பாத பொருளுக்கு ஒளிதான் வழி. அந்தியிலும் விடியலுக்கு முன்னும், நீங்கள் இருட்டிலும் கோள் வெயிலிலும் இருக்கும்போது, சில நொடி எக்ஸ்போஷரில் கோள் கோடாகப் பதியும். கோட்டின் முனைகளைப் பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் திசை கிடைக்கும். 1000 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கலைநிமிடக் கோணம் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) என்பது 300 மீட்டருக்கும் கீழே. ஆனால் ஷட்டர் நேரத்தில் 0.1 நொடி பிழை என்றால் 760 மீட்டர். லென்ஸுக்குச் செலவிடுவதற்கு முன் நேரக் குறிப்பைச் சரி செய்யுங்கள்.

எந்தப் பொருள் உங்களுடையது

சில நாளில் ஸ்பேஸ்-டிராக், செலஸ்டிராக் தளங்களில் பெயரில்லாத பொருள்களின் டிஎல்இ-கள் வரத் தொடங்கும். உங்கள் அளவீடுகளை அவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு எச்சம் பாருங்கள். பிரியும்போது பாதையின் திசையில் நொடிக்கு 1 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தாலே, இரண்டு கோள்கள் ஒரு நாளில் சுமார் 34 நொடி விலகிவிடும். முதல் நாள் குழப்பமாக இருந்தது நான்காம் நாள் தானாகப் பிரிந்து தெரியும். தலைக்கு மேலே போகும் பாஸில் ஒரு நொடி வித்தியாசம் 150 ஹெர்ட்ஸ் என்பதால், நல்ல பதிவில் அதையும் பிரித்தறியலாம். ஒரே பாஸை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். வெவ்வேறு நாட்களில் எடுத்த பாஸ்களிலெல்லாம் அதே பொருளே முதலிடத்தில் வர வேண்டும்.

இந்த ஒப்பிடும் முறை எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2018 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். கனடாவைச் சேர்ந்த அமெச்சூர் ஸ்காட் டில்லி, வேறொரு கோளைத் தேடி எஸ்-பேண்ட் (2 முதல் 4 கிகாஹெர்ட்ஸ்) அலைவரிசையைத் துழாவியபோது எதிர்பாராத வளைவு ஒன்று சிக்கியது. பட்டியலோடு ஒப்பிட்டதில் அது 2005 டிசம்பரில் தொடர்பிழந்த நாசாவின் இமேஜ் கோள் என்று தெரிந்தது. நாசாவும் பிறகு அதை உறுதி செய்தது.

உங்கள் முடிவை கோளைக் கட்டிய குழுவுக்கு அனுப்பும்போது டிஎல்இ-யை மட்டும் அனுப்பாதீர்கள். எத்தனை பாஸ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த எண்களைப் பொருத்தினீர்கள், எவற்றைத் தொடாமல் விட்டீர்கள், எச்சம் எவ்வளவு, அடுத்த நெருங்கிய பொருளின் எச்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூல அளவீடுகளையும் இணைத்தால், அவர்கள் தங்கள் நிலையத்தின் தரவோடு சேர்த்து மறுபடி பொருத்திக்கொள்வார்கள்.